தானே எழுதித் தானே பாடும் பெண்களின் மாலைக் கச்சேரி: வாசல் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தகைய மாலைக் கச்சேரிகளில் வாசல் மேசை என் பொறுப்பு. டிக்கெட்டைச் சரிபார்ப்பதும் இருக்கையைக் காட்டுவதும் பத்து நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதில் போகிறது. வருகிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே, எளியவற்றில் தொடங்கி வம்பானவை வரை, இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பாடகி என்று சொன்னால் போதாதா? அது என்ன, "எழுதிப் பாடுகிறவர்"?

பாடகி என்றால் பிறர் எழுதி, பிறர் மெட்டமைத்ததைப் பாடுகிறவராகவும் இருக்கலாம். அது தனிக் கலை, அதில் குறைவொன்றும் இல்லை. இந்த மேடையில் நிற்பவர்கள் சொல்லும் தாங்களே, மெட்டும் தாங்களே, குரலும் தாங்களே. கர்நாடக இசையில் இதற்கு அழகான சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: வாக்கேயக்காரர். வாக்கு என்பது சொல், கேயம் என்பது பாடப்படுவது, இரண்டையும் ஆக்குகிறவர். வித்தியாசம் என்னவென்றால், பழைய வாக்கேயக்காரர்களின் பாட்டைச் சீடர்கள் வழியாக, பல வாய்கள் கடந்து கேட்கிறோம். இங்கே ஆக்கியவரே உங்களுக்குப் பத்தடி தூரத்தில் நின்று பாடுகிறார்.

இது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தேவார மூவருக்கும் முன்பே பாடியவர் காரைக்கால் அம்மையார். அதனால்தான் அவருடைய பதிகங்களுக்கு "மூத்த" என்ற அடைமொழி. அவை பண்ணோடு, அதாவது பழந்தமிழ் இராகத்தோடு, நமக்குக் கிடைத்திருக்கின்றன, ஒன்று நட்டபாடை, மற்றது இந்தளம். ஆண்டாளைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

எனக்கு இவர்களுடைய பாட்டு ஒன்றுகூடத் தெரியாது. முன்கூட்டியே கேட்டுவிட்டு வர வேண்டுமா?

வேண்டியதில்லை. விருப்பமிருந்தால் ஒருவருக்கு இரண்டு பாட்டு கேட்டுவிட்டு வாருங்கள். முழுத் தொகுப்பையும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்கள் பதிவில் இருந்தபடியே மேடையிலும் எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். பதிவில் பத்து வாத்தியங்களோடு வந்த பாட்டு மேடையில் ஒற்றைக் கிட்டாரோடு வரும். வேகம் குறைந்திருக்கும், சில நேரம் ஒரு சரணமே மாறியிருக்கும்.

எல்லாச் சொல்லையும் பிடிக்க முயல வேண்டாம். பல்லவி எப்படியும் திரும்ப வரும், அது தன்னால் பதியும். சரணங்களைக் கவனியுங்கள், கதை அங்கேதான் நகர்கிறது. பல்லவியின் அதே சொற்கள் மூன்றாம் முறை வரும்போது முதல் முறை தராத பொருளைத் தருகின்றனவா என்று பாருங்கள். நல்ல பாட்டுக்கு அது ஓர் அடையாளம். ஒரு முறை நாங்கள் பாடல் வரிகளை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தோம். அரங்கமே தலையைக் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பாடியவரை ஒருவரும் பார்க்கவில்லை. அடுத்த நிகழ்ச்சியிலிருந்து அந்த வழக்கத்தை விட்டுவிட்டோம்.

எத்தனை மணிக்கு வந்தால் போதும்? முதலில் பாடுகிறவர் எப்படியும் முக்கியமானவர் இல்லையே?

அறிவித்த நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாக வாருங்கள். பொதுவாக முதலில் ஒருவர் அரை மணி நேரம் பாடுவார், பிறகு சிறிய இடைவேளை, அதன் பின் முக்கியப் பாடகி ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ பாடுவார். பாட்டு நடக்கும்போது வந்தால் அந்தப் பாட்டு முடியும்வரை கதவருகே நிற்க வைப்பேன். இதற்காக என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. கதவு திறந்தால் வெளி வெளிச்சம் நேராக மேடையில் இருப்பவரின் கண்ணில் விழுகிறது என்பதை அவர்களுக்குக் காட்டியும் இருக்கிறேன்.

முதலில் பாடுகிறவர் முக்கியமில்லை என்பதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

ஒரு குரல், ஒரு கிட்டார். இரண்டு மணி நேரம் அலுத்துப் போகாதா?

1988 ஜூன் 11 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளுக்காகப் பெரிய இசை நிகழ்ச்சி நடந்தது. மைதானம் நிரம்பிய கூட்டம், பல நாடுகளில் நேரடி ஒளிபரப்பு. மாலையில் அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் பாட வேண்டிய நேரத்தில் அவருடைய மின்னணு வாத்தியத்துக்கான இசைத்தரவு வட்டு காணாமல் போய்விட்டது. அது இல்லாமல் பாட முடியாது என்று அவர் மேடையை விட்டு இறங்கிவிட்டார். அந்த இடைவெளியை நிரப்ப, ஏற்கெனவே அன்று தன் பங்கைப் பாடி முடித்திருந்த ஓர் இளம்பெண்ணை மறுபடி அனுப்பினார்கள். முதல் தொகுப்பு வெளியாகி இரண்டு மாதமே ஆகியிருந்தது. வாத்தியக் குழு இல்லை, ஒரு கிட்டார் மட்டும். அவர் டிரேசி சாப்மன். அந்தக் கோடை முடிவதற்குள் அந்தத் தொகுப்பு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு ஏறிவிட்டது.

ஆகவே ஒரு குரலும் ஒரு கிட்டாரும் ஒரு மைதானத்தையே பிடித்து நிறுத்தும். ஆனால் எல்லோராலும் அல்ல என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒரே தாளக்கட்டில் எட்டுப் பாட்டு பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாலைகளில் நானும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். அனுபவசாலிகள் மூன்றாம் பாட்டுக்குள் ஏதாவது ஒன்றை மாற்றிவிடுவார்கள்: பியானோவுக்குப் போவார்கள், அல்லது வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு பாடுவார்கள்.

இது பெண்கள் பார்க்கும் நிகழ்ச்சியா? நான் என் கணவரை அழைத்து வரலாமா?

தாராளமாக. மேடையில்தான் பெண்கள், அரங்கில் யார் வேண்டுமானாலும்.

அப்படியானால் மேடையில் மட்டும் ஏன் பெண்கள்? ஆண்களும் எழுதிப் பாடுகிறார்களே?

பாடுகிறார்கள். நான்கு ஆண்கள் வரிசையாகப் பாடும் மாலையை யாரும் "ஆண்களின் இசை மாலை" என்று அழைப்பதில்லை, வெறும் இசை மாலை என்கிறார்கள். இரண்டு பெண்கள் அடுத்தடுத்து வந்தால் உடனே அது விசேஷமாகிவிடுகிறது.

இதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1990களின் நடுவில்கூட வட அமெரிக்க வானொலிகளில் அடுத்தடுத்து இரண்டு பெண் குரல்களை ஒலிபரப்பத் தயங்கினார்கள். ஒரே மேடையில் இரண்டு பெண்களை முன்னிறுத்தினால் டிக்கெட் விற்காது என்பது ஏற்பாட்டாளர்களின் வேதவாக்கு. கனடியப் பாடகி சாரா மெக்லாக்லன் அதைப் பொய்யாக்கிப் பார்ப்பதென்று கிளம்பினார். 1997இல் அவர் தொடங்கிய லிலித் ஃபேர் என்ற, ஊர் ஊராகச் சுற்றும் இசை விழாவில் மேடையேறியவர்கள் பெண்களும் பெண்கள் முன்நின்று பாடும் குழுக்களும்தான். அந்த ஆண்டு சுற்றி வந்த இசை விழாக்களிலேயே அதிக வசூல் கண்டது அதுதான். 1999 வரை மூன்று கோடைக்காலம் நடந்தது. டிக்கெட் விற்காது என்ற வாதம் அதோடு ஒழிந்திருக்க வேண்டும். ஆனால் இன்றும் என்னிடம் யாராவது, "இரண்டு பேருமே பெண்களா, கூட்டம் வருமா?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள்.

எல்லாம் ஒரே சோகப் பாட்டாக இருக்குமாமே? ஒரு நாள் வேலைக்குப் பிறகு அழுவதற்கு எனக்குத் தெம்பில்லை.

உணர்ச்சியோடு பாடுகிறவர் என்று விளம்பரத்தில் எழுதினாலே மக்கள் அதைச் சோகம் என்று படித்துக்கொள்கிறார்கள். கோபம் உணர்ச்சியில்லையா, கேலி உணர்ச்சியில்லையா? நான் கேட்டவற்றில் பக்கத்து வீட்டு ரேடியோவைத் திட்டும் பாட்டு இருந்தது. துவைத்த துணி காயாத வாரத்தைப் பற்றிய பாட்டு இருந்தது. தன் பழைய காதலன் இப்போது சந்தோஷமாக இருப்பதைக் கண்டு எரிச்சல்படும் பாட்டுக்கு அரங்கமே குலுங்கிச் சிரித்தது. பிரிவுப் பாட்டும் வரும். நாலில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கிட்டாரை முறுக்கிக்கொண்டே நிற்கிறார்கள்? வீட்டிலேயே சுருதி சேர்த்துக்கொண்டு வரக்கூடாதா?

வந்திருப்பார்கள். ஆனால் மேடை விளக்கின் சூட்டில் தந்தி தளரும். அதைவிடப் பெரிய காரணம், பலர் ஒவ்வொரு பாட்டுக்கும் வெவ்வேறு சுருதியமைப்பு வைத்திருப்பதுதான். ஆறு தந்திகளுக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. அதை மாற்றி, சும்மா மீட்டினாலே ஒரு முழு நாதம் கிடைக்கும்படி வைத்துக்கொள்வது ஒரு வழி.

இதில் பெரிய கை கனடியப் பாடகி ஜோனி மிட்செல். அவருக்கு ஒன்பது வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கை பலவீனமானது. வழக்கமான பிடிகள் அந்தக் கைக்குக் கடினமாக இருந்ததால், கைக்கேற்பத் தந்திகளை மாற்றினார். கடைசியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதியமைப்புகள் அவரிடம் சேர்ந்துவிட்டன. அவருடைய பாட்டுகளை மற்றவர்கள் வாசித்துப் பார்த்து, "ஏன் அவர் வாசிப்பதுபோல் கேட்கவில்லை?" என்று விழித்ததற்குக் காரணம் அதுதான். மேடையில் ஒருவர் பிருடையை, அதாவது தந்தியை முறுக்கும் திருகை, திருகிக்கொண்டிருந்தால், அடுத்த பாட்டின் நிறத்தைக் கலக்கிக்கொண்டிருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் பேசுகிற பேச்சு கொஞ்சம் நீளம் இல்லையா?

சில நேரம் ஆமாம். முறுக்கும்போது அரங்கம் மௌனமாக இருந்தால் பாடகிக்குப் பதற்றம், அதனால் கை வேலை செய்ய வாய் கதை சொல்லும். நல்ல முன்னுரை பாட்டுக்கு வாசலைத் திறந்துவிடும்; மோசமான முன்னுரை பாட்டு சொல்ல வேண்டியதைத் தானே சொல்லித் தீர்த்துவிடும். எழுதுகிறவர்களுக்குச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் ஒன்று சொல்வேன்: பாட்டு எங்கே எழுதப்பட்டது என்று சொல்லுங்கள், எதற்கு என்று சொல்லாதீர்கள்.

பாட்டில் "நான்" என்று வருவதெல்லாம் அவருடைய சொந்த வாழ்க்கைதானே? அந்த "நீ" யார்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். இடைவேளையில் நான்கு பேர் கூடினால் மூன்று பேர் இதைத்தான் பேசுகிறார்கள்: அந்தப் பாட்டில் வருகிறவர் அவருடைய முன்னாள் கணவரா, தந்தையா, பழைய தோழியா?

நம் அகப்பாட்டு மரபைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், பெயர் மட்டும் வராது. அகத்தில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதியே வைத்திருக்கிறது. தலைவியின் குரலில் ஏங்கியவர்களில் பெரும்பாலோர் ஆண் புலவர்கள். "ஐயா, அந்தத் தலைவி நீங்கள்தானா?" என்று அவர்களை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் கிட்டாரோடு ஒரு பெண் "நான்" என்று தொடங்கிவிட்டால் போதும், அவருடைய நாட்குறிப்பு நம் கைக்குக் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஆண் எழுதினால் கற்பனைத் திறன் என்கிறோம், பெண் எழுதினால் அனுபவம் என்கிறோம். இதில் பாராட்டுப்போலத் தோன்றும் ஓர் அவமதிப்பு இருக்கிறது. அவர் செய்த வேலையை நாம் பார்க்க மறுக்கிறோம்.

வாழ்க்கையிலிருந்து எதுவும் வராது என்று சொல்லவில்லை. வரும். வந்ததில் பாதியை வெட்டியிருப்பார். எதுகை கேட்டதற்காக ஊரை மாற்றியிருப்பார், மழை பெய்யாத நாளில் மழையைப் பெய்ய வைத்திருப்பார், மூன்று மனிதர்களை ஒருவராக்கியிருப்பார். ஒரு பாடகியிடம் ஒரு பாட்டில் வரும் தங்கையைப் பற்றி ஒருவர் மிகுந்த இரக்கத்தோடு விசாரித்தார். "எனக்குத் தங்கை இல்லை. அக்கா என்றால் அந்த இடத்தில் தாளத்தில் உட்காரவில்லை" என்றார் அவர். கேட்டவர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

மேடையிலேயே குரல் உடைந்ததே, கண் கலங்கியதே. அதுவும் செய்ததுதானா?

ஒரு மாலை, ஆட்கள் வருவதற்கு முன் நடக்கும் ஒலிச் சரிபார்ப்பின்போது நான் நாற்காலிகளை ஒழுங்குசெய்துகொண்டிருந்தேன். பாடகி ஒரே ஒரு வரியை ஆறு முறை பாடினார். முதலில் மைக்குக்கு அருகில் நின்று, பிறகு கைப்பிடி அளவு பின்னால் போய், பிறகு கடைசிச் சொல்லுக்கு முன்னால் மூச்சை எடுத்து, பிறகு எடுக்காமல். ஆறாவது முறையில் கடைசிச் சொல் குரலாகத் தொடங்கி வெறும் காற்றாக முடிந்தது. "இது" என்று ஒலிக்கலவை மேசைக்குக் கைகாட்டிவிட்டு இறங்கினார். இரவு அதே வரிக்கு என் பக்கத்தில் நின்ற பெண் கைக்குட்டையை எடுத்தார்.

அதனால் அது பொய் என்றாகிவிடாது. நிஜமாக அழுகை வந்தால் தொண்டை அடைக்கும், தொண்டை அடைத்தால் சுருதி நிற்காது, பாட்டு அங்கேயே முடிந்துவிடும். உங்களை அழவைக்க வேண்டுமென்றால் அவர் அழாமல் இருக்க வேண்டும். சில நாட்களில் அந்தக் கட்டுப்பாடு நழுவும். அப்போது பெரும்பாலும் கண் கலங்குவதைக் காட்டாமல் வாத்தியத்தைக் குனிந்து பார்ப்பார்கள்.

பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாரே, ஒத்திகை பார்க்கவில்லையா?

பார்த்திருப்பார். வாத்தியக் குழு இருந்தால் ஒருவர் தடுமாறினாலும் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். தனியாக நிற்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஒருமுறை நடுப்பாட்டில் ஒருவரின் கிட்டார்த் தந்தி அறுந்து மணிக்கட்டில் சுளீரென்று அடித்தது. ஒரு தந்தி போனால் மற்றவற்றின் இழுவையும் மாறும். இரண்டு வரி சமாளித்தார். பிறகு உள்ளங்கையைத் தந்திகளின் மேல் வைத்து அடக்கிவிட்டு, குதிகாலால் மரத்தரையைத் தட்டிக்கொண்டே மீதிச் சரணத்தைத் தனிக்குரலில் பாடி முடித்தார். அந்த நிகழ்ச்சியைப் பற்றி இப்போதும் யாராவது பேசினால் அந்தப் பாட்டைத்தான் சொல்கிறார்கள். அன்றிலிருந்து மேசை இழுப்பறையில் ஒரு கட்டு தந்தி வைத்திருக்கிறேன்.

போனில் பதிவு செய்யலாமா? ஒரே ஒரு பாட்டு?

பாடகி அனுமதித்தால், மேடையிலிருந்து அவரே சொல்வார். சொல்லாவிட்டால் வேண்டாம். வெளிச்சம் பின்னால் இருப்பவரின் பார்வையைக் கெடுக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை: எழுதிப் பாடுகிறவர்கள் பாதி வெந்த பாட்டுகளையும் இந்த மேடையில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். எந்த வரிக்கு அரங்கம் அசைகிறது, எங்கே இருமல் கிளம்புகிறது என்று கவனித்து, வீட்டுக்குப் போய்த் திருத்துவார்கள். திருத்துவதற்கு முந்தைய வடிவம் இணையத்தில் சுற்ற ஆரம்பித்தால், அடுத்த முறை யாரும் துணிந்து புதுப்பாட்டைப் பாட மாட்டார்கள்.

ஒலிப்பதிவு என்றதும் நினைவுக்கு வருகிறது. எம்பி3 என்ற ஒலிச்சுருக்க முறையை உருவாக்கிய ஜெர்மானியர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், அதைச் செம்மைப்படுத்தத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது சூசன் வேகா வாத்தியமே இல்லாமல் பாடிய ஒரு பாட்டை. அவரும் எழுதிப் பாடுகிறவர்தான். தனித்த பெண் குரலில் சுருக்கத்தின் சிறு பிசகும் காட்டிக்கொடுத்துவிட்டது. உங்கள் போனில் பதியும் ஒலி ஏன் வீட்டில் கேட்டால் சப்பென்று இருக்கிறது என்பதற்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

கூடவே பாடலாமா? எப்போது கைதட்டுவது?

அவர் அழைத்தால் பாடுங்கள், அழைக்காவிட்டால் உதட்டளவில். பாட்டின் கடைசி ஸ்வரம் அடங்கும்வரை பொறுத்துக் கைதட்டுங்கள். முடிந்துவிட்டதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் அவருடைய வலது கையைப் பாருங்கள்; தந்தியிலிருந்து விலகியிருந்தால் முடிந்தது.

மௌனத்தைப் பற்றி நாங்கள் கறாராக இருக்கிறோம் என்று குறைசொல்கிறவர்கள் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து புளூபேர்ட் கஃபே பற்றித் தெரிந்துகொள்ளலாம். 1982இல் ஏமி கர்லண்ட் என்ற பெண் தொடங்கிய சிறிய இடம், தொண்ணூறு பேர் அளவுக்குத்தான் உட்காரலாம். பாடலாசிரியர்கள் அரங்கின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் தங்கள் பாட்டைப் பாடும் முறை அங்கே 1985இல் தொடங்கிப் பிரபலமானது. பேசினால் "உஷ்" என்று அடக்குவதும் அந்த இடத்துக்குப் பெயர்போன விஷயம். நான் அவ்வளவு தூரம் போவதில்லை, ஒரு பார்வையோடு நிறுத்திக்கொள்வேன்.

பின்வரிசையில் சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டச் சொல்லலாமா?

கூட்டினால் சத்தம்தான் கூடும், தெளிவு கூடாது, பெரும்பாலும் குறையும். சொல்லைச் சொல்லாக்குவது மெய்யொலிகள். உயிரொலிகளோடு ஒப்பிட்டால் அவற்றின் பலம் மிகக் குறைவு. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி முதலில் அவற்றைத்தான் விழுங்கும். ஆட்கள் நிரம்பிய அரங்கில் எதிரொலி குறைவு, உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அரங்கம் பாதி காலியாக இருந்தால் பின்னால் உட்காராமல் முன்னே நெருங்கி வாருங்கள். நல்ல இடம் எது என்றால், ஒலிக்கலவை மேசைக்கு நேர் முன்னால்: ஒலியைச் சரிசெய்கிறவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள்.

காதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: நிகழ்ச்சி அரங்குகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்த உச்ச அளவு, பதினைந்து நிமிடச் சராசரியாக 100 டெசிபல். ஒற்றைக் கிட்டார் மாலை அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை.

குழந்தையை அழைத்து வரலாமா?

வாருங்கள். சிணுங்கினால் எழுந்து வெளியே போக வசதியாகக் கதவோர இருக்கை தருகிறேன்.

முடிந்ததும் அவரிடம் போய்ப் பேசலாமா? என்ன பேசுவது என்று தெரியவில்லை.

பேசலாம். பெரும்பாலோர் அரை மணி நேரம் இசைத்தட்டு விற்கும் மேசையருகே நிற்பார்கள். குரல் களைத்திருக்கும், அதனால் நீங்கள் பேசுங்கள், அவரைப் பேசவைக்காதீர்கள். "எந்த வரி பிடித்தது" என்று சொன்னால் போதும். "படத்தில் பார்த்ததைவிட நேரில் அழகாக இருக்கிறீர்கள்" என்பது வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடியவரிடம் சொல்ல வேறு எதுவுமே கிடைக்கவில்லையா? "அந்த 'நீ' யார்?" என்பதும் வேண்டாம். ஏன் என்று மேலே நிறையச் சொல்லிவிட்டேன்.

உண்மையிலேயே அவரே எழுதியதுதானா? மெட்டுக்குப் பின்னால் வேறு யாராவது இருப்பார்களோ?

"யாராவது" என்று கேட்கிறவர்கள் ஓர் ஆணைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் 1978இல், 19 வயதில், முழுக்கத் தானே எழுதிய பாட்டோடு பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தார். அப்படிச் செய்த முதல் பெண் அவர். அந்தச் சந்தேகம் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் தீரவில்லை.

சேர்ந்து எழுதுவதும் உண்டு, அதில் மறைக்க ஒன்றுமில்லை. அமெரிக்கப் பாடகி கரோல் கிங் மெட்டமைக்க, அவருடைய கணவர் ஜெர்ரி காஃபின் சொல் எழுத, இன்னொரு குழு பாடிய பாட்டு 1961இல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அப்போது கரோலுக்கு வயது 18. பத்து ஆண்டு பிறருக்காக எழுதிவிட்டுத் தன் குரலில் பாடிய 1971ஆம் ஆண்டுத் தொகுப்பு பதினைந்து வாரம் முதலிடத்தில் நின்றது. யார் எதை எழுதினார்கள் என்பது தட்டின் உறையில் இருக்கும். மேசையிலேயே படித்துப் பார்க்கலாம், வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இவருடைய பாட்டை வேறொருவர் பாடிப் பிரபலமானால் பணம் யாருக்கு?

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. சொல்லும் மெட்டும் சேர்ந்த ஆக்கம் ஒன்று, குறிப்பிட்ட ஒலிப்பதிவு இன்னொன்று. வேறொருவர் புதிதாகப் பாடிப் பதிந்தால் அந்தப் பதிவின் வருமானம் அவர் பக்கத்துக்குப் போகும். ஆக்கத்துக்கான பங்கு எழுதியவருக்கு வரும், அந்த உரிமையை அவர் விற்காமல் வைத்திருந்தால்.

இந்த "விற்காமல்" என்பதுதான் விஷயம். அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1974இல் வெளியிட்ட ஒரு பாட்டைப் பாட எல்விஸ் பிரெஸ்லி விரும்பினார். அவருடைய மேலாளர் பதிப்புரிமையில் பாதி கேட்டார். டாலி மறுத்துவிட்டார், மறுத்துவிட்டு இரவெல்லாம் அழுததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். 1992இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடி உலகமெங்கும் ஒலித்தபோது, எழுதியவருக்கான பங்கு முழுவதும் டாலிக்கு வந்தது. மேலே சொன்ன டிரேசி சாப்மனுக்கும் இப்படி ஒன்று நடந்தது: அவருடைய 1988ஆம் ஆண்டுப் பாட்டை 2023இல் லூக் கோம்ப்ஸ் என்ற பாடகர் பாடினார், அந்த ஆண்டின் சிறந்த பாடலுக்கான அமெரிக்கக் கன்ட்ரி இசைச் சங்க விருது எழுதியவரான சாப்மனுக்குப் போனது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

மேடையில் பாடும் பாட்டுக்கும் எழுதியவருக்குப் பங்கு உண்டு, அதை வசூலித்துத் தரும் சங்கங்கள் இருக்கின்றன. நிகழ்ச்சி முடிந்ததும் தரையில் ஒட்டியிருக்கும் பாட்டு வரிசைக் காகிதத்தை நான் கிழித்து எறியாமல் எடுத்து வைப்பது அதற்காகத்தான்.

என் மகள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிப் பாடுகிறாள். மேடை ஏற்றலாமா? பயப்படுகிறாள்.

பயத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கரோல் கிங்குக்கே மேடைக் கூச்சம் இருந்தது; பிறருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் இருப்பதே அவருக்கு உவப்பாக இருந்தது. பாடகர் ஜேம்ஸ் டெய்லர் அவரைத் தன் நிகழ்ச்சிகளில் பியானோ வாசிக்க அழைத்துக்கொண்டு போய், மெல்ல மெல்லப் பாட வைத்தார்.

அவளுக்கே விருப்பமா என்று முதலில் கேளுங்கள், உங்கள் விருப்பம் இதில் கணக்கில்லை. ஆம் என்றால் இரண்டு பாட்டு போதும், மூன்று வேண்டாம். உட்கார்ந்து பாடிப் பழகியிருந்தால் மேடையிலும் உட்கார்ந்தே பாடட்டும். பழைய தந்தியை இரண்டு நாள் முன்னதாக மாற்றச் சொல்லுங்கள், அன்று காலையில் மாற்றினால் சுருதி நிற்காது. நீங்கள் முன்வரிசையில் உட்காராதீர்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு வரி மறந்துவிடுகிறது. இடைவேளைக்கு முன் பத்து நிமிடம் புதியவர்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். பெயர் எழுத நீல அட்டை நோட்டு வாசல் மேசையில் என்னிடம்தான் இருக்கிறது, பென்சில் நூலில் கட்டித் தொங்கும். அவளே வந்து எழுதட்டும்.